புதுப்பிப்பு: குடிப்படை முதியவரின் ஓய்வூதிய மனு

அமெரிக்க விடுதலைப் போரில் மிலிஷியா எனப்படும் குடிப்படையில் பணியாற்றிய முதியவர்கள், கையில் ஒரு சான்றிதழும் இன்றி ஓய்வூதியம் கோரியது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். அதன்பின் மனுக்கள் சிலவற்றைப் படித்ததில் விடை ஓரளவு தெளிவாகியிருக்கிறது.

1818ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரப் படையினரில் வறியவர்களுக்கே உதவியது. 1832 ஜூன் 7ஆம் நாள் நிறைவேறிய சட்டமோ வறுமையை நிரூபிக்கச் சொல்லவில்லை. குறைந்தது ஆறு மாதம் பணியாற்றிய குடிப்படையினரையும் சேர்த்துக்கொண்டது. இரண்டாண்டு பணிக்கு முழு ஊதியம், குறைவாயின் அதற்கேற்ற விகிதம். ஆவணம் இல்லாதவர் உள்ளூர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, எங்கே பிறந்தார், தாமாகச் சேர்ந்தாரா, கட்டாயத்தின்பேரிலா, வேறொருவருக்குப் பதிலாகவா, எந்த அதிகாரிகளின் கீழ் என்றெல்லாம் விடை சொல்ல வேண்டும். பாதிரியார் ஒருவரும் அண்டை வீட்டாரும் அவரது நேர்மைக்குச் சாட்சி கூற வேண்டும்.

எழுபது, எண்பது வயதில், ஐம்பதாண்டுக்கு முந்தைய மாதக்கணக்கை யார்தான் சரியாகச் சொல்வார்? குடிப்படைப் பணியோ சில வாரங்கள், சில மாதங்கள் எனத் துண்டுதுண்டாக நடந்தது. கூட்டினால் ஆறு மாதம் தேறாதவரின் மனு தள்ளுபடியானது. வயதுக்கு ஆதாரமாகக் குடும்ப விவிலியத்தின் பிறப்புப் பதிவேட்டுத் தாளையே கிழித்து இணைத்தவர்களும் உண்டு. நிராகரிக்கப்பட்ட கோப்புகளுக்கு ‘ஆர்’ என்ற எழுத்தைக் குறியீடாக இட்டிருப்பதால், அடுத்து அவற்றைத் தனியே பிரித்துப் படிக்க எண்ணியுள்ளேன்.