பார்ட் வராமல் அசெம்ப்ளி லைன் நிற்கும் ‘பார்ட் இல்லை’ நேரத்தை எப்படிப் பதிவு செய்கிறீர்கள்?

லைன்லீடர்:
ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் ‘பார்ட் இல்லை’ என்று ஒரே கட்டம் வைத்தால் அது கணக்கே இல்லை. அதற்குள் மூன்று சங்கதி இருக்கிறது. சரக்கு ஸ்டோரிலேயே இல்லாதது ஒன்று. ஸ்டோரில் இருந்தும் லைனுக்கு வராதது இன்னொன்று. ஹாப்பரில் (மெஷினில் பார்ட் கொட்டும் தொட்டி) கிடந்தும் டிராக்கில் (பார்ட் ஓடும் தடம்) சிக்கிக்கொண்டது மூன்றாவது. அது மெயின்டனன்ஸ் வேலை, ஷார்ட்டேஜே இல்லை. பிரிக்காவிட்டால் காலை மீட்டிங்கில் சண்டைதான் மிச்சம்.

இன்னொன்று, கடைசி ஓகே பீஸிலிருந்து அடுத்த ஓகே பீஸ் வரை நேரம் எடுங்கள். பலர் டிராலி வந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். பெட்டி பிரித்து, ஹாப்பர் நிரப்பி, முதல் பீஸ் செக் ஆகும் நேரம் யார் தலையிலும் விழாமல் காணாமல் போகிறது.

பிஎல்சி தம்பி:
சரிதான் அண்ணா, ஆனால் கையால் எழுதினால் ஒரு நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தம் எதுவும் தாளில் ஏறாது. மெஷின் ஆட்டோவில் இருக்கிறது, வேறு அலாரம் இல்லை, பார்ட் பிரசன்ட் சென்சார் ஆஃப், சைக்கிள் டைமில் (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்) ஒன்றரை மடங்கு கடந்தும் அடுத்த சைக்கிள் துவங்கவில்லை: நான்கும் சேர்ந்தால் பிஎல்சியில் (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) டைமரை ஓட விடுங்கள். அந்த நேரம் ஹாப்பர் லெவல் சென்சாரும் ஆஃப் என்றால் ஷார்ட்டேஜ், ஆன் என்றால் ஜாம்.

லெவல் சென்சாருக்கு 3 முதல் 5 விநாடி டிலே கட்டாயம். இல்லையென்றால் அதிர்வில் பார்ட் குதிக்கக் குதிக்க சிக்னல் மினுக்கி, ஒரே நிறுத்தம் நாற்பது என்ட்ரியாகிவிடும். டிஃப்யூஸ் டைப் (பார்ட்டில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்க்கும்) சென்சார் கண்ணில் எண்ணெய் படிந்தால் பார்ட் இருந்தும் ‘இல்லை’ என்று சொல்லும். ஷிஃப்டுக்கு ஒரு துடை போதும்.

ஸ்டோரில் இல்லையா, கொண்டுவரவில்லையா என்பது பிஎல்சிக்குத் தெரியாது. அதை ஆபரேட்டர் ஸ்கிரீனில் அழுத்தட்டும். ‘மற்றவை’ பட்டனை முதலில் வைத்தால் எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள்.

ஐஇ கணக்கன்:
கூட்டும்போது கவனம். பத்து ஸ்டேஷன் லைனில் 3ஆவது 18 நிமிடம் நின்றால், அதற்கு அடுத்தவை பார்ட் வராமல் பட்டினி, அதற்கு முந்தையவை பீஸ் நகராமல் அடைப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் 18 நிமிடம் 180 நிமிடமாகும்! பாட்டில்நெக் (லைனிலேயே மெதுவான ஸ்டேஷன்) நின்ற நேரம் மட்டும்தான் லைன் இழப்பு. பாட்டில்நெக் 7ஆவது ஸ்டேஷன், டாக்ட் (ஒரு பீஸுக்கான நேரம்) 40 விநாடி, இடையில் 6 பீஸ் பஃபர் (காத்திருக்கும் இருப்பு) என்றால் முதல் 4 நிமிடத்தை பஃபர் தாங்கும். மீதி 14 நிமிடம், அதாவது 21 பீஸ்.

நைட் ஷிஃப்ட்:
எக்ஸெலில் போடுபவர்களுக்கு: 11.50க்கு நின்று 12.20க்கு ஓடினால், வெறும் நேரத்தைக் கழித்தால் மைனஸில் போய் செல் முழுக்க ‘####’ வரும். தேதியும் நேரமும் ஒரே செல்லில் போடுங்கள், தீர்ந்தது.

எஸ்எம்டி ரீல்:
எங்கள் எஸ்எம்டி பக்கம் (சர்க்யூட் போர்டில் சின்ன பார்ட்களைப் பொருத்தும் லைன்) பிரச்சினையே வார்னிங் எண்ணிக்கையில்தான், அதாவது ரீலில் எத்தனை மிச்சம் இருக்கும்போது மெஷின் எச்சரிக்க வேண்டும் என்பதில்தான். எல்லா ஃபீடருக்கும் (ரீலிலிருந்து பார்ட்டை ஊட்டும் பகுதி) 500 என்று ஒரே எண் வைத்துவிடுவார்கள். போர்டுக்கு 24 ரெசிஸ்டர், சைக்கிள் 30 விநாடி என்றால் 500 பத்து நிமிடம்தான் தாங்கும். ஸ்டோரிலிருந்து ரீல் வர 15 நிமிடம் என்றால் 30 போர்டு, 720 பீஸ். பிக்கப் ரிஜெக்டுக்கும் (மெஷின் எடுக்கும்போது வீணாகும் பார்ட்) சேர்த்து 750 வையுங்கள். போர்டுக்கு ஒன்றே போகும் ஐசிக்கு 35 போதும். ரீல் கைக்கு வந்துவிட்டால் ஓடும்போதே ஸ்பிளைஸ் போடலாம் (பழைய ரீலின் முனையில் புது ரீலை ஒட்டுவது), நிறுத்தமே இல்லை.

லைன்லீடர்:
பாதி ரீலை என்ன செய்கிறீர்கள் சார்? சிஸ்டத்தில் 900 இருக்கும், ஃபீடரில் 300லேயே தீர்ந்துவிடும்.

எஸ்எம்டி ரீல்:
அது ஸ்டோருக்குத் திரும்பும்போது குத்துமதிப்பாக எழுதியது சார். திரும்புகிற ஒவ்வொரு ரீலையும் எண்ணும் கவுன்ட்டர் மெஷினில் ஓட்டி, புது லேபிள் ஒட்டிய பிறகே ரேக்கில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த 300இல் நின்ற நேரத்தை ‘சரக்கு இல்லை’யில் போடாதீர்கள், ‘ஸ்டாக் கணக்குத் தவறு’ என்று நான்காவதாக ஒரு பட்டன் வேண்டும்.