பெயர் இல்லாமல் எழுதிய கட்டுரைகள்: போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்டுவது?

மதுரையில் இருக்கிறேன். ஜனவரியில் வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் எழுத்துக்கு வந்தேன். எட்டு மாதத்தில் ஒரே ஏஜென்சிக்கு 41 தமிழ்க் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தேன்: சமையல், வீட்டுக்கடன், குழந்தை வளர்ப்பு. ஒன்றில்கூட என் பெயர் இல்லை. வீட்டுக்கடன் கட்டுரைக்காக ஒரு வங்கி மேலாளரிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். அதைக் காட்ட முடியாததுதான் ரொம்ப வருத்தம்.

புது இடங்களில் முதல் கேள்வியே “சாம்பிள் லிங்க் இருக்கா?” என்பதுதான். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

ஏஜென்சியிடம் மெயிலில் இரண்டு முறை அனுமதி கேட்டேன், பதில் இல்லை. ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, எல்லாம் வாட்ஸ்அப் பேச்சு. பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் கையெழுத்து வேண்டும் என்று 1957 சட்டம் சொல்கிறது. ஆனால் இரண்டு மாதப் பணம் பாக்கி இருக்கும்போது சண்டைக்குப் போக முடியவில்லை.

அப்புறம் வேர்ட்பிரஸ்ஸில் இலவசத் தளம் தொடங்கி மூன்று கட்டுரைகள் போட்டேன். கூகுள் டிரைவில் பிடிஎஃப் வைத்தும் அனுப்பினேன். “வேறு இடத்தில் வெளியானதுதான் வேணும்” என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

இப்படிப் பெயரில்லாமல் எழுதித் தொடங்கியவர்கள், உங்கள் முதல் நேரடி வாடிக்கையாளரிடம் எதைக் காட்டி வேலை வாங்கினீர்கள்?