போனை வாங்கி வைத்த பிறகு நடந்தவை

கூட்டம் நடத்தும் ஒருவர்:

சில மணி நேரமாவது போன் இல்லாமல் இருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களைச் சேர்த்து, மாதம் ஒரு சந்திப்பு நடத்துகிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது. இதுபோல நடத்தியவர்களும், வந்து உட்கார்ந்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன். முதலில் என் கதை.

முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். போன்களை சைலன்ட்டில் போடச் சொல்லி, ஒரு தகர டப்பாவில் வாங்கி அலமாரிமேல் வைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, டப்பா அதிர ஆரம்பித்தது. தகரமல்லவா, உள்ளே பெரிய வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் அலமாரியைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் அது தன்னுடையதுதான் என்று நிச்சயம். அது அடங்கியதும் இன்னொன்றில் அலாரம். சைலன்ட்டில் போட்டாலும் அலாரம் அடிக்கும் என்பது அன்றைக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை. நானே போய் நிறுத்தினேன். நிறுத்தவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறேன் போல. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தது.

அதைவிடப் பெரிய சொதப்பல், அந்த அறையில் சுவர்க் கடிகாரம் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இருட்டியதும் மாடிப்படிக்கு டார்ச் இல்லை. திரும்பிப் போக வண்டி எத்தனை மணிக்கு என்பதும் அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது. போனை வாங்கி வைக்கிறவர், அது பார்த்துவந்த வேலைகளையும் சேர்த்துத் தலையில் வாங்கிக்கொள்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது கடிகாரம், டார்ச், தாளில் எழுதிய வண்டி நேரம் எல்லாம் தயாராக இருக்கும். டப்பா போய்த் துணிப்பை வந்துவிட்டது. போனை அணைத்துவிட்டுத்தான் தர வேண்டும்.

வந்துபோன ஒருவர்:

அந்த ‘அணைத்துவிட்டுத்தான்’ என்பதில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அளவை ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். சர்க்கரை இறங்கினால் போன்தான் கத்தும். சென்சாரின் வகையைப் பொறுத்து 6 முதல் 10 மீட்டர் வரைதான் எட்டும், நடுவில் சுவர் வந்தால் அதுவும் குறையும். நான் போன கூட்டத்தில் போன்களைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் வேண்டும் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கை நடுங்கியது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. பக்கத்தில் இருந்தவர் கவனித்து இனிப்பாக எதையோ கையில் திணித்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

கூச்சப்பட்டது என் தவறுதான். ஆனாலும் நடத்துகிறவர்கள் பெயர் பதியும்போதே இதைத் தனியாகக் கேட்டுவிடுங்கள். வாசலில் பையை நீட்டிக்கொண்டு கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

கூட்டம் நடத்தும் இன்னொருவர்:

நாங்கள் ஒரே ஒரு பட்டன் போனை மேசையில் வைத்திருப்போம். அந்த எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம். சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அது இல்லாவிட்டால் மனம் இங்கே இருக்காது. இதுவரை ஆறு கூட்டம், அடித்தது இரண்டே முறை. ஒருமுறை பீரோ சாவி எங்கே என்று கேட்க. இன்னொருமுறை, கூப்பிட்டால் நிஜமாகவே எடுக்கிறார்களா என்று பார்க்க.

போனைக் கொடுக்காத ஒருவர்:

வளர்ந்தவர்களிடம் போனை வாங்கி வைப்பதெல்லாம் பள்ளிக்கூடத்து வேலை. என் பையிலேயே இருக்கட்டும், நான் எடுக்க மாட்டேன். அவ்வளவுதானே?

முதலில் எழுதியவர்:

நானும் அப்படி நினைத்து இரண்டு கூட்டம் நடத்தினேன். யாரும் எடுக்கவில்லைதான். ஆனால் கழிவறைக்குப் போனவர்கள் வெளியே வரக் கால் மணி நேரம் ஆனது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 800 பேரைச் சோதித்தார்கள். போனை வேறு அறையில் விட்டு வந்தவர்கள், சத்தமில்லாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிடக் கவனத்தையும் நினைவையும் சோதிக்கும் கேள்விகளில் நன்றாகச் செய்தார்களாம். பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் அதே முடிவு வரவில்லை. அதனால் அதைக் காட்டி யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன். எனக்குக் கழிவறைக் கணக்கே போதும்.

பட்டன் போன் வைத்திருப்பவர்:

என் அனுபவத்தில் முதல் அரைமணி நேரம்தான் கஷ்டம். கை சும்மா இருக்காது, சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். போன் பையிலேயே இல்லை, ஆனாலும் இப்போது அதிர்ந்தது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2012ல் வந்த ஒரு ஆய்வில், கல்லூரி மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் இல்லாத அதிர்வை உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் வட்டமாக உட்கார வைத்து அறிமுகம் செய்யச் சொன்னோம். எல்லாரும் நேர்காணலுக்கு வந்தவர்கள் மாதிரி விறைத்துக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024ல் தொடங்கிய ஆஃப்லைன் கிளப் கூட்டங்களில், தனியாக இருக்கக் கொஞ்ச நேரம், பேசக் கொஞ்ச நேரம் என்று பிரித்துவைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் மாற்றினோம். இப்போது முதல் நாற்பது நிமிடம் பேசத் தேவையில்லை. படிக்கலாம், வரையலாம், சும்மாவும் இருக்கலாம். மேசையில் சிக்கு விழுந்த நூல்கண்டு ஒன்றை வைத்துவிடுவேன். (சிக்கலை முந்தின இரவு நானே போடுகிறேன், வெளியில் சொல்லாதீர்கள்.) யாராவது பிரிக்க ஆரம்பிப்பார், எதிரில் இருப்பவர் மறுமுனையைப் பிடிப்பார். நாற்பது நிமிடம் முடிவதற்குள் பேச்சு வந்துவிடும். நான் தடுப்பதில்லை.

முதலில் எழுதியவர்:

நூல்கண்டை அடுத்த மாதமே எடுத்துக்கொள்கிறேன். போனைத் திருப்பிக் கொடுக்க மட்டும் டோக்கன் எண் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிக் கறுப்புப் போன் மூன்று வந்த நாளில் நான் பட்ட பாடு போதும்.

அப்புறம், போன மாதம் ஒருவர் போனை வாங்காமலே கிளம்பிவிட்டார். இதுவல்லவா வெற்றி என்று நான் பூரித்துப்போய், மீதிப் பேரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் மனிதர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பாதி வழியில் பாதை தெரியாமல், வரைபடம் பார்க்கலாம் என்று பைக்குள் கையை விட்டிருக்கிறார்.