கட்ச் பாலையோரம் ஒரு நாள்: எருமை, உப்பு, அப்புறம் ஒரு முள்

போன டிசம்பரில் நானும் மச்சானும் குஜராத்தின் புஜ்ஜிலிருந்து வாடகைக் காரில் தோலாவீரா என்ற ஹரப்பா காலத்துப் பழைய நகரத்துக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பினோம். பாலைவனம் என்றதும் மணல்மேடு, ஒட்டகம் என்று கற்பனை பண்ணிக்கொண்டு போனேன். மணல்மேடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நாட்டின் மேற்குக் கோடி, ஏழு மணி தாண்டித்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. கடகரேகை போர்டு முன்னால் நின்று போட்டோ எடுக்கணும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த மச்சான், இருட்டில் அதைத் தாண்டிப் போனதையே கவனிக்கவில்லை. விடிந்தபோது பன்னி என்கிற புல்வெளிக்குள் இருந்தோம். புல்வெளி என்று பெயர்தான், பல இடத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் நம்ம ஊர் சீமைக்கருவேலம். உப்பு நிலம் பரவாமல் தடுக்க 1960களில் வனத்துறை நட்டதாம், இப்போது அது புல்லையே தின்றுவிட்டது. இராமநாதபுரத்துக்காரனான எனக்கு இதைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய் என்று மச்சானைக் கேட்டேன்.

அப்போதுதான் எருமைகள் வந்தன. நாற்பது ஐம்பது இருக்கும், மேய்ப்பவர் என்று ஒரு ஆள் கிடையாது, வரிசையாக ரோட்டைக் கடந்து ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன. கொம்பு இரண்டும் நன்றாகச் சுருண்டு காதோரம் ஒட்டியிருக்கிறது. பன்னி எருமை என்று தனி இனமே இருக்கிறது, வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் மேய்ந்துவிட்டு விடிந்ததும் தானாக வீடு திரும்பும். நன்றாகப் பார்க்க வேண்டுமென்று காரைத் தார் ரோட்டிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தினேன். தப்பு அங்கேதான் நடந்தது, தெரிந்ததென்னவோ ரொம்ப நேரம் கழித்து.

காவ்டாவில் டீ குடித்தோம். அதற்கப்புறம் கொஞ்ச தூரத்தில் ரண் உப்பு நிலத்தின் நடுவே நேராகக் கிழித்துக்கொண்டு போகிற ரோடு வருகிறது. ஒரு பக்கம் மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் வற்றாமல் நிற்கிறது, மறுபக்கம் வெள்ளை. எங்கே நிலம் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. இறங்கி நடந்தேன். மேலே அப்பளம் மாதிரி உப்பு நொறுங்குகிறது, நாலு எட்டு வைத்ததும் அடியில் கருஞ்சேறு, செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டது. கையை விட்டுத் தோண்டித்தான் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் காரின் பின்சக்கரம் தரையோடு தரை.

ஜாக்கி இருந்தது, ஸ்டெப்னியும் இருந்தது, ஸ்டெப்னியில் காற்று இல்லை. வண்டி வாங்கும்போது நாலு பக்கமும் கீறல் இருக்கிறதா என்று வீடியோ எடுத்த நான் இதைத் தட்டிப் பார்க்கவில்லை, என்னைத்தான் சொல்லணும். செல்போனில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் நின்றிருப்போம். இரண்டு டூரிஸ்ட் கார்கள் கையை ஆட்டிவிட்டுப் போயின, நாங்களும் போட்டோ எடுக்க நிற்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு லாரி நின்றது. டிரைவர் எங்கள் இந்தியைக் கேட்டுச் சிரித்தார், ஒன்றும் சொல்லாமல் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நீள ரப்பர் குழாயை எடுத்து, லாரி பிரேக்குக்கான காற்று டேங்கில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை ஸ்டெப்னியில் வைத்தார். அவ்வளவுதான் வேலை. இப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கழற்றிய டயரை உருட்டிப் பார்த்து, விரல்நீள முள் ஒன்றை இடுக்கியால் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "காண்டோ பாவள்" என்றார். காண்டோ என்றால் பைத்தியம், பைத்தியக்காரக் கருவேலம். பணம் கொடுத்ததற்கு வாங்கவில்லை.

தோலாவீரா போய்ச் சேர மதியம் இரண்டாகிவிட்டது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், ஆனால் கூட்டமே இல்லை. பத்து சிந்து எழுத்துகள் கொண்ட பெயர்ப்பலகை கிடைத்த வடக்கு வாசலை அவசரமாகப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தைக் குளங்களில் செலவழித்தோம். கிழக்குப் பக்கத்துக் குளம் மட்டும் 70 மீட்டருக்கு மேல் நீளம், இறங்கப் படிக்கட்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளை மறித்துத் தண்ணீரைத் திருப்பி இதில் நிரப்பி வைத்து நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு ஊரே வாழ்ந்திருக்கிறது. எங்களிடம் மிச்சம் அரை பாட்டில்.

திரும்பும்போது ஸ்டெப்னிக்கு ஸ்டெப்னி இல்லை என்பதால் ஐம்பதுக்கு மேல் ஓட்டவில்லை. பன்னிக்குள் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வெளிச்சத்தில் சுருண்ட கொம்புகள் தெரிந்தன, மேய்ச்சலுக்குக் கிளம்பிவிட்டார்கள். மச்சான் ஓரமாக நிறுத்து என்றான். நடு ரோட்டிலேயே நிறுத்தி, கடைசி எருமை கடக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.