கரடிக்குப் பயந்தோம், வந்தது வேறு

பென்சில்வேனியாவில் ரிக்கெட்ஸ் க்ளென் ஸ்டேட் பார்க் போய் வந்தோம். ஃபால்ஸ் ட்ரெயில் முழுச் சுற்று 7.2 மைல், வழியில் இருபதுக்கும் மேல் அருவிகள். பெரியது கனோகா, 94 அடி. படியெல்லாம் ஈரப் பாறை, தேய்ந்த ஷூவோடு போகாதீர்கள். என் மச்சினன் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேதான் இறங்கினான்.

ராத்திரி லேக் ஜீன் பக்கம் டெண்ட் போட்டோம். கறுப்புக் கரடி நடமாட்டம் உண்டு என்பதால் சாப்பாட்டுப் பையை எல்லாம் காருக்குள் வைத்துப் பூட்டினேன். ஐஸ் பெட்டியை மட்டும் மேஜைக்கு அடியில் விட்டுவிட்டேன். மூடிக்குத்தான் கொக்கி இருக்கிறதே என்ற தைரியம்.

ஒன்றரை மணிக்கு மனைவி உலுக்கினாள். "என்னங்க, வெளிய யாரோ பாத்திரம் உருட்டுறாங்க."

ஜிப்பை நாலு விரல் திறந்து டார்ச் அடித்தால், மூன்று ரக்கூன்கள்; முகமூடி போட்ட மாதிரி முகமுள்ள காட்டுப் பிராணிகள். கொக்கியை விரலாலேயே நெம்பித் திறந்திருக்கின்றன. பெரியது தயிர்சாத டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. குட்டி ஒன்று மாவடுவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டது. வெளிச்சம் பட்டும் ஒன்றுகூட ஓடவில்லை. ஏதோ அவர்கள் வீட்டுப் பந்தியில் நான் எட்டிப் பார்த்த மாதிரி ஒரு பார்வை. சரி என்று நான்தான் ஜிப்பை மூடிக்கொண்டேன்.

* * *

உங்கள் ரக்கூன் கதையைப் படித்தேன். உங்களுக்காவது ராத்திரி. எங்களுக்குப் பட்டப்பகலில்.

2019 ஜூலை, கலிபோர்னியா பிக் பேசின். 1902இல் தொடங்கிய பார்க்; அந்த மாநிலத்தின் ஸ்டேட் பார்க்குகளில் அதுதான் மூத்தது. (அடுத்த வருஷம் ஆகஸ்டில் பிடித்த தீயில் நாங்கள் தங்கிய இடமே போய்விட்டது.) மேஜையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்ததுதான் தாமதம், கொண்டை வைத்த நீலப் பறவை ஒன்று பாய்ந்து ஒரு விள்ளலைத் தூக்கிக்கொண்டு போனது. ஸ்டெல்லர் ஜே. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பொரியை வாரி இறைத்தார்கள். நானும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் வந்த ரேஞ்சர் திட்டவில்லை. மேலே கையைக் காட்டினார். மர்லெட் என்று ஒரு கடல் பறவை, கடலிலிருந்து பறந்து வந்து இந்த ரெட்வுட் மரங்களின் உச்சிக் கிளையில், பாசி மெத்தையில் ஒரே ஒரு முட்டை இடுமாம். அதன் கூட்டை 1974இல்தான், இதே பார்க்கில் மரம் ஏறிய ஒருவர் முதன்முதலில் பார்த்திருக்கிறார். நாம் சிந்துகிற துணுக்குக்காக ஜேயும் அண்டங்காக்கையும் கூடும். அப்புறம் அந்த முட்டையையும் தேடித் தின்றுவிடும்.

பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் எட்டரை மணி வரை நாலு பேரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். ஒரு படிப் பொரியில் எத்தனை பருக்கை இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.