பேக்கப் டிரைவ் எப்பவும் மவுண்ட் ஆகியே (மெஷினோட கனெக்ட் ஆகியே) இருக்கு, இது சேஃபா?

ஓட்டை_வாளி:
வணக்கம் மக்களே. வீட்ல ரெண்டு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப், எல்லாம் விண்டோஸ். ஒரு பழைய பிசில லினக்ஸ் போட்டு 4 டிபி டிஸ்க் ரெண்டை மிரர் ரெய்டா (ரெண்டுலயும் ஒரே காப்பி) வச்சு சாம்பால (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்கு காட்டுற சாஃப்ட்வேர்) ஷேர் பண்ணிருக்கேன், எல்லா மெஷின்லயும் அது இசட் டிரைவா தெரியும், ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடி எல்லாத்தையும் அதுல காப்பி பண்ணிடும். போன வாரம் தங்கச்சி லேப்டாப்ல ஏதோ கிராக் சாஃப்ட்வேர் போடப்போய் ரேன்சம்வேர் (ஃபைலை என்கிரிப்ட் பண்ணி பூட்டிட்டு காசு கேக்குற வைரஸ்) புகுந்து ஃபைல் பேருக்கெல்லாம் பின்னாடி ஒரு வால் மொளைச்சிருச்சு. நல்லவேளை அப்போ வைஃபை கட்டு, இசட் டிரைவ் தப்பிச்சுது. ரெய்டு இருக்கு, பாஸ்வேர்டு இருக்கு, இன்னும் என்னதான் பண்றது?

ரூட்டுக்குட்டி:
ரெய்டை இதுல கணக்குலயே சேக்காதீங்க. ஒரு டிஸ்க் செத்தா இன்னொன்னு தாங்கும், அவ்ளோதான், ஃபைல் என்கிரிப்ட் ஆனா ரெண்டுலயும் ஒரே நொடில ஆகும். பாஸ்வேர்டும் அப்படித்தான், விண்டோஸ் அதை சேவ் பண்ணி வச்சிருக்கு, உங்க லாகின்ல ஓடுற எந்த ப்ரோகிராமும் கேக்காமலே உள்ள போகும்.

திசைய மாத்துங்க. லேப்டாப் தள்ளக்கூடாது, சர்வர் இழுக்கணும். லேப்டாப்ல டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் ரீட்-ஒன்லியா ஒரு தனி யூசருக்கு ஷேர் பண்ணுங்க, சர்வர் (உங்க லினக்ஸ் பிசி) ராத்திரி அதை மவுண்ட் பண்ணி ஆர்சிங்க்ல (மாறின ஃபைலை மட்டும் காப்பி பண்ற டூல்) இழுத்துட்டு கழட்டிடட்டும். இசட் டிரைவை தூக்கிடுங்க, லேப்டாப்புக்கு சர்வர் பாஸ்வேர்டே தெரியக்கூடாது. ஆனா கெட்டுப்போன ஃபைலையும் ஆர்சிங்க் சமத்தா இழுத்துட்டு வந்து நல்லது மேலயே எழுதிடும், அதனால டிஸ்க்ல இசட்எஃப்எஸ் இல்லைன்னா பிடிஆர்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம் போட்டு தினம் ஒரு ஸ்னாப்ஷாட் (அன்னிக்கு ஃபைல் இருந்த நிலைய அப்படியே புடிச்சு வைக்கிறது), 30 நாளாவது வைங்க.

பழைய_மவுஸ்:
அதோட ஒரு யூஎஸ்பி டிஸ்க், வாரம் ஒருதடவ செருகி காப்பி பண்ணிட்டு பிடுங்கி வேற வீட்ல வைங்க. லக்ஸ்ல (லினக்ஸோட டிஸ்க் பூட்டு) என்கிரிப்ட் பண்ணிட்டு பாஸ்வேர்டை பேப்பர்ல எழுதி டிஸ்க்கோட இல்லாம தனியா வைங்க, மறந்தா யாராலயும் திறக்க முடியாது.

நான் பட்டது இது: ரெண்டு வருஷம் ஒழுங்கா காப்பி எடுத்தேன்னு நெனச்சு ஒருநாள் கல்யாண வீடியோவ எடுக்கப் போனா காணோம். டிஸ்க் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மட், அதுல 4 ஜிபிக்கு மேல ஒத்த ஃபைல் ஏறாது, லாக்ல தினம் எரர் வந்திருக்கு, பாத்தாத்தானே. இப்பல்லாம் மாசம் ஒருதடவ நாலஞ்சு ஃபைலை வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி திறந்தே பாத்துடுவேன்.

ஃபயர்வால்_பாண்டி:
வெளியில இருந்து ஃபைல் பாக்கணும்னு ரவுட்டர்ல 445 போர்ட்டை (ஃபைல் ஷேரிங்கோட வாசல்) திறந்து வச்சிருந்தீங்கன்னா இப்பவே மூடுங்க, வேணும்னா வயர்கார்டு விபிஎன் போட்டுக்கலாம். எஸ்எம்பி1 (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கோட பழைய முறை) ஆஃப்ல இருக்கான்னும் பாருங்க, 2017 மே மாசம் வான்னாகிரைங்கற ரேன்சம்வேர் அதோட ஓட்டை வழியாத்தான் யாரும் எதையும் கிளிக் பண்ணாமலே மெஷினுக்கு மெஷின் தாவுச்சு, அதுக்கு பேட்ச் மார்ச்லயே வந்தாச்சுங்கறதுதான் கொடுமை. சாம்பா 4.11ல இருந்து எஸ்எம்பி1 டீஃபால்ட்டாவே ஆஃப், உங்க பழைய பிசில என்ன வெர்ஷன்னு பாத்துக்கோங்க.

ஓட்டை_வாளி:
போர்ட் திறக்கல, தப்பிச்சேன். ஆனா இழுக்குற ஐடியால ஒரு சிக்கல், ராத்திரி 2 மணிக்கு லேப்டாப் மூடியில்ல கிடக்கும்? தங்கச்சி எப்ப திறப்பான்னு அவளுக்கே தெரியாது.

ரூட்டுக்குட்டி:
அப்ப அந்த லேப்டாப்புக்கு மட்டும் ரெஸ்டிக்ங்கற பேக்கப் டூல் போடுங்க, திறந்திருக்கும்போது அதுவே சர்வருக்கு அனுப்பட்டும். சர்வர்ல அதை வாங்கிக்கிற ரெஸ்ட்-சர்வரை அப்பெண்ட்-ஒன்லி மோட்ல ஓட்டுனா லேப்டாப் புதுசா சேக்கலாம், பழசை அழிக்க முடியாது. பழசை கழிக்கிற வேலைய சர்வர்லயே உக்காந்து நீங்க பண்ணணும், அந்த கமாண்டை மட்டும் தங்கச்சி லேப்டாப்ல வச்சுடாதீங்க.