"ஒரு கிட்னி அந்த மருத்துவமனைக்கே": இதுதான் வரிசையா?

வைகைக்கரையான்:
மேலே ஒருவர், "தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் தானக் கிட்னி முழுக்க முழுக்க பதிவு வரிசைப்படிதான் போகிறது, குறுக்கே புக வழியே இல்லை" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மூளைச்சாவு தனியார் மருத்துவமனையில் என்றால் ஒரு கிட்னி அந்த மருத்துவமனையின் நோயாளிக்கு, இன்னொன்றுதான் பொதுப் பட்டியலுக்கு. விதியிலேயே இருக்கிறது. அப்புறம் எங்கே முழு வரிசை?

ஐசியூ_செல்வம்:
எழுதியது நான்தான். அந்த மருத்துவமனை நோயாளிகளும் டிரான்ஸ்டானில், அதாவது மாநில அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில், பதிவு செய்தவர்கள்தான், அவர்களுக்குள்ளும் ரத்த வகையும் பதிவு வரிசையும் உண்டு. மூளைச்சாவை அறிவிப்பது என்றால் சும்மாவா? நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை, அதுவரை ரத்த அழுத்தம் விழாமல் பார்க்க வேண்டும், அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஒரு கிட்னியும் கிடையாது என்றால் எத்தனை மருத்துவமனை இதற்கு மெனக்கெடும்?

வைகைக்கரையான்:
ஆக, வேலை பார்த்ததற்குக் கூலி கிட்னி! கொடுத்தது அந்தக் குடும்பம், மருத்துவமனை இல்லை. பெரிய மருத்துவமனையில் பதிவு செய்ய வசதி உள்ளவனுக்கு இரண்டு வாசல், மற்றவனுக்கு ஒரு வாசல். இதற்குப் பெயர் வரிசையா?

மலர்_திருச்சி:
அரசு மருத்துவமனையில் தானம் நடந்தால் அரசு மருத்துவமனைகளுக்குத்தான் முன்னுரிமை, அதையும் சொல்லுங்கள். கிட்னிக்குக் காத்திருக்கும் என் தம்பி ஓ ரத்த வகை. எங்களுக்கு ஓ வகைக் கிட்னி மட்டும்தான் சேரும். அந்த வேதனையை யாரும் பேசுவதில்லை, ஒற்றைக் கிட்னியையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

வைகைக்கரையான்:
தொங்கத்தான் செய்வேன். என் அண்ணனுக்கு நள்ளிரவில் போன் வந்தது, எதுவும் சாப்பிடாமல் உடனே வரச் சொன்னார்கள். கிராஸ்மேட்சுக்கு, அதாவது கொடையாளரோடு பொருந்துமா என்று பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்துவிட்டு, டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இன்னொருவருக்குப் பொருந்திவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு இரண்டு கிட்னியும் பொதுவுக்கு வந்திருந்தால்?

ஐசியூ_செல்வம்:
வருத்தமாக இருக்கிறது, ஆனால் அதற்கும் இந்த விதிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் வந்தால் கிட்னியை வைத்தாலும் உடம்பு ஏற்காது. அதனால்தான் பலரைக் கூப்பிடுகிறார்கள்.

வைகைக்கரையான்:
பாசிட்டிவ் என்று உங்களிடம் யார் சொன்னது? அண்ணனுக்கு நெகட்டிவ். போன மாதம் இன்சூரன்ஸ் திரியிலும் இப்படித்தான் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினீர்கள்.

கடல்புறா_சிங்கப்பூர்:
இங்கே 1987-லிருந்து சட்டம். இப்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத, 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கொடையாளர்கள். எழுதிக் கொடுத்தவருக்கு நாளை உறுப்பு தேவைப்பட்டால் முன்னுரிமை குறையும். ஊரில் இதைச் செய்யாமல் ஒரு கிட்னிக்கு மல்லுக்கட்டுகிறீர்கள்.

மலர்_திருச்சி:
சிங்கப்பூர் பெருமை போதும் சார். இங்கே குடும்பம் சம்மதிக்காமல் எதையும் தொட முடியாது.

கடல்புறா_சிங்கப்பூர்:
பெருமை இல்லை அம்மா, சட்டத்தைத்தான் சொன்னேன். 2018-ல் சென்னையில் நம் நோயாளிகளைத் தாண்டி வெளிநாட்டவருக்கு இதயம் போனதாக எழுந்த சர்ச்சை மறந்துவிட்டதா?

ஐசியூ_செல்வம்:
அது இதயம். நாலு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டிய உறுப்பு, கிட்னி ஒரு நாள் வரை தாங்கும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

வைகைக்கரையான்:
ஒரு நாள் தாங்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மதுரையில் எடுத்ததைச் சென்னைக்கே கொண்டு போகலாம். பிறகு எதற்கு ஒன்றை அங்கேயே நிறுத்த வேண்டும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஐசியூ_செல்வம்:
சொல்லியாகிவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.

வைகைக்கரையான்:
படித்தேன். கூலி என்றுதான் எழுதியிருக்கிறது. மாநிலத்துக்கு ஒரே பட்டியல், இரண்டு கிட்னியும் அதிலிருந்துதான் போக வேண்டும். நாளைக்கும் இதையேதான் கேட்பேன்.